ஒரு படமும் ஒரு கேள்வியும்



எங்கள் ஊர் அயோத்தியாப்பட்டணம். சேலத்திற்குக் கிழக்கே, ஆத்தூர் செல்லும் பெருவழியில் அமைந்தது. கோதண்டராமர் கோயிலால் பெயர் பெற்றது. ஊரின் பெயரிலே பட்டணம் இருக்கிறதேயன்றி ஊருக்குக் கடல் இல்லை. கடற்கரை நகரைப் பட்டினம் என்றும், உள்நாட்டுப் பேரூரைப் பட்டணம் என்றும் வேறுபடுத்திச் சொல்வது தமிழ் மரபு. காவிரிப்பூம்பட்டினமும் நாகப்பட்டினமும் கடல் பார்த்த ஊர்கள். எங்களுடையது மலை பார்த்த ஊர். எந்தப் பக்கம் போனாலும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் கடந்தால்தான் எங்கள் பிள்ளைகள் அலையைக் காண முடியும். ஆகவே, கடற்போரைப் பற்றி இவ்வூரிலிருந்து ஒருவன் பேச வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அதற்குக் காரணமாக அமைந்தது ஒரு படம். அந்தப் படத்தைப் பார்த்து ஒரு மாணவி கேட்ட கேள்வி.

சென்னை மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அங்கே ஒரு பழைய புத்தகக் கடையில் கிழிந்த நூலொன்றின் தாள் என் கைக்கு வந்தது. ஆங்கிலேயர் நாட்டில் வெளியான பழைய அச்சுப்படம் ஒன்றின் படி அது. அதனைச் சட்டமிட்டு, நான் வரலாறு கற்பித்த வகுப்பறையின் சுவரில் மாட்டிவைத்திருந்தேன். வானொலியிலே படத்தைக் காட்ட இயலாது. ஆகவே சொல்லால் காட்ட முயல்கிறேன்.

படத்தின் நடுவே மூன்று பாய்மரங்கள் உயர்ந்த பெரிய போர்க்கப்பல் ஒன்று பக்கவாட்டில் நிற்கிறது. அதன் விலாவில் வரிசை வரிசையாகப் பீரங்கித் துளைகள். ஒவ்வொரு துளையிலிருந்தும் வெண்புகை சுருண்டு எழுகிறது. எதிரே கல்லாற் கட்டிய அலைதாங்கிச் சுவர். அதன்மேல் ஒரு கலங்கரை விளக்கம். பின்னால் மலைச்சரிவில் படிப்படியாக ஏறிச்செல்லும் வெள்ளை வீடுகள். வானத்தின் ஒரு பாதி புகை. மறு பாதி செந்தீ. கீழே கறுத்த நீரில் சிறு படகுகள். படத்தின் அடியில் 'அல்ஜியர்ஸ் நகரின்மீது குண்டுவீச்சு, 1816 ஆகஸ்டு 27' என்ற பொருளில் ஒரு வரி. கடற்கொள்ளையையும் அடிமைத்தனத்தையும் ஒழிக்க நடந்த போர் இது என்று மாணவர்களுக்கு நான் சொல்லி வந்தேன்.

ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அடிமைகளை விடுவிக்க நடந்த போர் என்கிறீர்களே, இந்தப் படத்தில் அடிமைகள் எங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்டாள். படத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருந்தேன். அந்தக் கேள்வியை ஒருமுறையும் கேட்டுக்கொண்டதில்லை. அன்று எனக்கு விடை வரவில்லை. பிறகு தேடிப் படித்து அறிந்தவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் படம் எவ்வாறு உருவாயிற்று என்று பார்ப்போம். புகைப்படக் கலை தோன்றாத காலம் அது. தொலைநாட்டில் நடந்த போரை மக்கள் காண வேண்டுமானால், ஓவியன் வரைய வேண்டும். செதுக்குவோன் அதனைச் செப்புத் தகட்டில் ஏற்ற வேண்டும். அச்சுக்கூடம் அதனைப் பல படிகளாக அச்சிட வேண்டும். அக்காலத்தில் கடற்போர்ப் படங்களுக்கு மிகுதியும் கையாளப்பட்ட முறைக்கு அக்வாடிண்ட் என்று பெயர். செப்புத் தகட்டின்மேல் நுண்ணிய பிசின் தூளைத் தூவிச் சூடாக்குவர். தூள் உருகித் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தகட்டைத் திராவகத்தில் இடுவர். பிசின் துகள் ஒட்டிய இடத்தைத் திராவகம் தீண்டாது. துகள்களுக்கு இடையே உள்ள செம்பையே அரிக்கும். சிறிது நேரம் அரித்தால் மெல்லிய சாம்பல் நிறம். நெடுநேரம் அரித்தால் காரிருள். புகையையும் மேகத்தையும் இரவையும் காட்ட இதனினும் ஏற்ற முறை அன்று இல்லை. அச்சான தாள்களுக்குப் பின்னர் நீர்வண்ணம் பூசுவர். அதுவும் ஒவ்வொரு தாளாகக் கையாலேயே. இவ்வாறு அச்சான படங்கள் வெற்றிச் செய்தியோடு கடைகளில் விற்கப்பட்டன. வாங்குவோர் வெற்றி பெற்ற நாட்டினர், வரைந்தவனும் அந்நாட்டினன். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, போருக்கு வருவோம். ஆப்பிரிக்காவின் வடகரையில், மத்தியதரைக் கடலை நோக்கி அல்ஜியர்ஸ், தூனிஸ், திரிப்போலி என மூன்று நகரங்கள் இருந்தன. பெயரளவில் துருக்கிய சுல்தானுக்கு அடங்கியவை. நடைமுறையில் தாமே ஆண்டுகொண்டவை. அல்ஜியர்ஸின் ஆட்சித் தலைவருக்கு 'டே' என்று பட்டம். இந்நகரங்களின் கப்பல்கள் 16ஆம் நூற்றாண்டு முதலே கிறித்தவ நாடுகளின் வணிகக் கலங்களை மறித்துப் பொருளைக் கொள்ளையிட்டன. மாலுமிகளையும் பயணிகளையும் சிறைபிடித்தன. பணம் படைத்தவர் மீட்புப் பணம் கொடுத்து வீடு திரும்பினர். இல்லாதவர் கல்லுடைத்தும், துடுப்பு வலித்தும், வீட்டு வேலை செய்தும் அடிமைகளாய்க் காலம் கழித்தனர். 'டான் குவிக்சோட்' என்னும் புகழ்பெற்ற நாவலை எழுதிய ஸ்பானிய ஆசிரியர் செர்வாண்டிஸ், 1575 முதல் 1580 வரை ஐந்தாண்டுகள் அல்ஜியர்ஸில் இவ்வாறு சிறைப்பட்டிருந்தவர்தாம்.

இவர்களை வெறும் கொள்ளையர் என்று சொல்லிவிடுவதும் முழு உண்மையாகாது. ஆட்சியாளரின் அனுமதி பெற்று, கொள்ளையில் ஆட்சிக்கு ஒரு பங்கு செலுத்தி நடந்த தொழில் இது. ஐரோப்பிய அரசுகளும் போர்க்காலங்களில் தனியார் கப்பல்களுக்கு உரிமம் கொடுத்துப் பகைவரின் வணிகக் கலங்களைக் கவர்ந்தன. மால்டாத் தீவின் வீரத்துறவியர் சபை, 1798இல் நெப்போலியன் அத்தீவைக் கைப்பற்றும் வரை, முஸ்லிம்களைச் சிறைபிடித்து அடிமைகளாக வைத்திருந்தது. கடலின் இரு கரையிலும் ஒரே குற்றம் நடந்தது. ஒவ்வொரு கரையும் எதிர்க்கரையின் குற்றத்தையே பெரிதாகக் கண்டது.

நெப்போலியன் வீழ்ந்தபின் 1815இல் வியன்னாவில் ஐரோப்பிய அரசுகள் கூடின. ஆப்பிரிக்க அடிமை வாணிகம் மனித இயல்புக்கு ஒவ்வாதது என்று அங்கே அறிக்கை வெளியிடப்பட்டது. அதற்காக முன்னின்று வாதாடியது பிரிட்டன். அப்போது பிற நாட்டினர், "நெடுந்தொலைவில் உள்ள ஆப்பிரிக்கருக்காகப் பேசும் நீங்கள், மத்தியதரைக் கடலில் கிறித்தவர்கள் அடிமையாவதைக் கண்டும் காணாமல் இருப்பதேன்?" என்று கேட்கலாயினர். உலகிலேயே வலிமை மிக்க கடற்படை அன்று பிரிட்டனிடம் இருந்தது. கேள்விக்குச் செயலால் விடை கூற வேண்டிய நிலை அதற்கு ஏற்பட்டது.

1816ஆம் ஆண்டின் வேனில் தொடக்கத்தில் எக்ஸ்மவுத் பிரபு என்னும் கடற்படைத் தலைவர் மூன்று நகரங்களுக்கும் சென்று பேச்சு நடத்தினார். தூனிஸும் திரிப்போலியும் கிறித்தவரை அடிமையாக்கும் வழக்கத்தைக் கைவிட இசைந்தன. அல்ஜியர்ஸின் டேயாகிய உமர், சுல்தானைக் கேட்க வேண்டும் என்று தவணை சொன்னார். அந்த அளவில் எக்ஸ்மவுத் திரும்பிவிட்டார். ஆனால் அதே மே மாதத்தில், இன்று அன்னாபா எனப்படும் போனா நகரில், பிரிட்டனின் பாதுகாப்பில் தொழில் செய்துவந்த கார்சிகா, சிசிலி, சார்டினியா நாட்டு மீனவர் சுமார் 200 பேரை அல்ஜியர்ஸின் வீரர்கள் வெட்டிக் கொன்றனர். செய்தி லண்டனை எட்டியதும் மக்கள் கொதித்தெழுந்தனர். எக்ஸ்மவுத் மீண்டும் அனுப்பப்பட்டார், இம்முறை போருக்கு.

அவரோடு ஐந்து பெரும் போர்க்கப்பல்கள் சென்றன: தலைமைக் கப்பலாகிய குயீன் சார்லட், இம்ப்ரெக்னபிள், சூப்பர்ப், ஆல்பியன், மிண்டன். 50 பீரங்கிகள் கொண்ட லியாண்டரும், பிரிகேட் எனப்படும் விரைவுப் போர்க்கப்பல்களும், வெடிகுண்டுகளை வானளாவ வீசும் கலங்கள் நான்கும் உடன் சென்றன. ஜிப்ரால்டரில் வான் கப்பெல்லன் தலைமையில் டச்சுக் கப்பல்கள் ஆறு சேர்ந்துகொண்டன.

போருக்கு முன் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். அல்ஜியர்ஸில் இருந்த பிரிட்டிஷ் தூதரின் குடும்பத்தை முன்கூட்டியே மீட்க ஒரு கப்பல் சென்றது. தூதரின் மனைவியும் மகளும் மாறுவேடத்தில் தப்பினர். கைக்குழந்தையைக் கூடையில் மறைத்துக் கொண்டுவந்தனர். கோட்டை வாயிலில் குழந்தை அழுதுவிட்டது. கூடையோடு வந்தவர்கள் பிடிபட்டனர், தூதரும் சிறைப்பட்டார். ஆனால் மறுநாட் காலையில் டே அந்தக் குழந்தையைத் தாயிடம் அனுப்பிவைத்தார். இந்த இரக்கச் செயலைப் பின்னர் எக்ஸ்மவுத்தே தம் அறிக்கையில் எழுதினார். பகைவன் என்று படத்தில் முகமின்றி நிற்பவனும் மனிதன்தான் என்பதற்கு இதுவே சான்று.

ஆகஸ்டு 27 பிற்பகல். இறுதி நிபந்தனைகள் அனுப்பப்பட்டன; விடை வரவில்லை. குயீன் சார்லட் நேரே அலைதாங்கிச் சுவரின் முனைக்குச் சென்று, ஏறத்தாழ 50 கஜத் தொலைவில் நங்கூரம் பாய்ச்சியது. 50 கஜம் என்றால், ஒரு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குள்ள தொலைவு. மூன்று மணியை ஒட்டிக் கரையிலிருந்து முதற் குண்டு பாய்ந்தது. அதன்பின் இரவு பத்து மணியைக் கடந்தும் பீரங்கிகள் ஓயவில்லை. துறைமுகத்துக்குள் இருந்த அல்ஜியர்ஸ் கப்பல்கள் தீப்பற்றி எரிந்தன. பிரிட்டிஷ் கப்பல்கள் மட்டும் சுமார் 118 டன் வெடிமருந்தையும் 50,000 இரும்புக் குண்டுகளையும் செலவிட்டன. இரவில் நிலக்காற்று எழுந்ததும் கப்பல்கள் விலகிச் சென்றன.

பிரிட்டிஷார் 128 பேரும் டச்சுக்காரர் 13 பேரும் மாண்டனர். இருதரத்தாரிலும் 742 பேர் காயமுற்றனர். இம்ப்ரெக்னபிள் என்ற ஒரு கப்பலில் மட்டும் 50 பேர் இறந்தனர். அல்ஜியர்ஸ் பக்கத்தில் இறந்தவர்களின் தொகையோ ஒருவர் சொல்வது மற்றொருவர் சொல்வதோடு பொருந்துவதில்லை. ஆயிரக்கணக்கில் என்று மட்டுமே பலரும் எழுதினர். வென்றவரின் பிணங்கள் ஒன்றுவிடாமல் எண்ணப்படுவதும், தோற்றவரின் பிணங்கள் குத்துமதிப்பாகச் சொல்லப்படுவதும் வரலாற்றில் அடிக்கடி நாம் காண்பவை.

மறுநாள் எக்ஸ்மவுத், நிபந்தனைகளை ஏற்காவிடில் மீண்டும் தாக்குவதாகக் கடிதம் அனுப்பினார். உண்மையில் அவருடைய கப்பல்களில் வெடிமருந்து ஏறக்குறையத் தீர்ந்துவிட்டிருந்தது. டேக்கு அது தெரியாது. அவர் பணிந்தார். தூதரும் 1,083 கிறித்தவ அடிமைகளும் விடுதலை பெற்றனர். பிற நகரங்களில் விடுவிக்கப்பட்டவர்களையும் சேர்த்தால் அவ்வாண்டில் மீண்டவர் தொகை ஏறத்தாழ 3,000. கிறித்தவரை அடிமையாக்கும் வழக்கம் இனி இல்லை என உடன்படிக்கை எழுதப்பட்டது.

இவ்வளவும் எங்கோ நடந்த கதை, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? இரண்டு தொடர்புகள் உண்டு. எக்ஸ்மவுத் பிரபு என்று சொன்னேனே, அவருடைய இயற்பெயர் எட்வர்ட் பெல்லூ. 1804இல் கிழக்கிந்தியக் கடல்களுக்குக் கடற்படைத் தலைவராக அமர்த்தப்பட்டு 1809 வரை இப்பகுதியில் பணியாற்றியவர் அவர். 1806இல் பட்டேவியாத் துறையில் டச்சுக் கப்பல்களை அழித்தவரும் அவரே. பத்தாண்டு கழித்து அதே டச்சுக்காரர் அவருக்குத் துணையாக வந்தனர். அரசுகளின் பகையும் நட்பும் காலத்துக்கேற்ப மாறுவன.

இரண்டாவது தொடர்பு, மிண்டன் என்னும் கப்பல். 74 பீரங்கிகள் தாங்கிய அது, 1810இல் பம்பாய்க் கப்பல்தளத்தில் கட்டி முடிக்கப்பட்டது. கட்டியவர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்னும் பார்சி இனத் தச்சுத் தலைவர். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே கட்டப்பட்ட பிரிட்டிஷ் பெரும் போர்க்கப்பல்களுள் முதலாவது அதுவே. மரம் தேக்கு. கடல்நீரில் மரத்தைத் துளைக்கும் புழுக்கள் தேக்கை எளிதில் தின்னா. அதன் எண்ணெய்ப்பசை இரும்பாணியைத் துருப்பிடிக்க விடாது. ஓக் மரக் கப்பலினும் தேக்குக் கப்பல் நீடித்து உழைக்கும். மிண்டனுக்குப் பின் 1817இல் அதே பம்பாயில் கட்டப்பட்ட டிரிங்கோமலி என்ற தேக்குக் கப்பல், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் காட்சிப் பொருளாக மிதந்துகொண்டிருக்கிறது. ஆக, அல்ஜியர்ஸ் புகைக்குள் நின்ற கப்பல்களுள் ஒன்று நம் நாட்டுத் தச்சர் செதுக்கிய கப்பல்.

பம்பாய்க் கப்பல்தளத்துக்குத் தேக்கு வழங்கிய முதன்மையான இடம் மலபார்க் காடுகள். அந்த மரத்தைத் தடையின்றிப் பெறுவதற்காகவே 1806இல் கம்பெனியார் அங்கே காட்டு அதிகாரி ஒருவரை அமர்த்தினர். நண்பர்களே, இந்த இடத்தில்தான் என் மாணவியின் கேள்வி திரும்பி வருகிறது. அதே மலபாரில் அன்று செறுமர் முதலிய உழவுத் தொழிலாளர் அடிமைகளாக விற்கவும் வாங்கவும் அடகு வைக்கவும் பெற்றனர். நிலவரி பாக்கிக்காக நிலத்தோடு அடிமைகளையும் ஏலம் விடும் வழக்கம் கம்பெனி ஆட்சியிலும் அங்கே நீடித்தது. 1819இல்தான் அந்த ஏலத்துக்குத் தடை வந்தது. அல்ஜியர்ஸில் அடிமைத் தளையை உடைக்க மிண்டன் பீரங்கி முழங்கிய 1816இல், அந்த முழக்கத்தை எழுப்பிய ஆட்சியின் கீழேயே ஏலமும் நடந்துகொண்டிருந்தது.

அடிமைகள் எங்கே என்று கேட்டால், விடுதலை பெற்ற 1,083 பேரும் படத்தில் இல்லை. அவர்கள் வெள்ளை வீடுகளுக்குப் பின்னே எங்கோ அடைபட்டிருந்தனர். ஓவியனுக்குத் தேவைப்பட்டவை கப்பலும் நெருப்புமே. இவர்களையன்றிப் படத்தின் சட்டத்துக்கு வெளியே நின்ற வேறு பலரும் உண்டு.

அல்ஜியர்ஸிலேயே இருந்த கறுப்பின அடிமைகள் அவர்களுள் ஒரு சாரார். சகாரா பாலைவனத்தைக் கடந்து கொண்டுவரப்பட்டவர்கள் இவர்கள். 1816 உடன்படிக்கை கிறித்தவ அடிமைகளைப் பற்றியே பேசியது; இவர்களைத் தொடவில்லை. அங்கே அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1848இல்.

மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகள் மற்றொரு சாரார். அட்லாண்டிக் கடலைக் கடந்து அமெரிக்கக் கண்டங்களுக்கு நான்கு நூற்றாண்டுக் காலத்தில் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர் ஏறத்தாழ ஒன்றேகால் கோடிப் பேர் என்று ஆய்வாளர் கணக்கிட்டிருக்கின்றனர். அடிமை வாணிகத்தைப் பிரிட்டன் 1807இல் தடைசெய்தது. ஆயின் ஏற்கெனவே அடிமையாய் இருந்தவரை விடுவிக்கவில்லை. 1816 ஏப்ரலில், அதாவது அல்ஜியர்ஸ் போருக்கு நான்கு மாதம் முன்னர், பார்படோஸ் தீவில் கரும்புத் தோட்ட அடிமைகள் விடுதலை வேண்டிக் கிளர்ந்தெழுந்தனர். புஸ்ஸா என்பவர் பெயரால் அந்தக் கிளர்ச்சி வழங்குகிறது. பிரிட்டிஷ் படை அதனைக் கடுமையாக ஒடுக்கியது. ஒரே ஆண்டில், ஒரே அரசு, ஓரிடத்தில் அடிமைகளை விடுவிக்கவும் மற்றோரிடத்தில் அடிமைகளைச் சுட்டு வீழ்த்தவும் படை நடத்தியது.

எஞ்சிய ஒரு சாரார் நம்மவர். அடிமைமுறை நம் நாட்டுக்கு வெளியிலிருந்து வந்த பிழை என்று எண்ணி ஆறுதல் கொள்ள வழியில்லை. சுந்தரமூர்த்தி நாயனாரின் திருமணப் பந்தலுக்கு வந்த முதியவர், "இவன் என் அடிமை" என்று பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலையைக் காட்டிய வரலாற்றை நீங்கள் பெரியபுராணத்தில் படித்திருப்பீர்கள். திருவெண்ணெய்நல்லூர் அவையினர் ஓலையின் எழுத்தைத்தான் ஆராய்ந்தனரே தவிர, மனிதனை அடிமையாக எழுதிக்கொடுக்கலாமா என்று கேட்கவில்லை. பக்திச் சுவையை நான் குறைத்துச் சொல்லவில்லை; அத்தகைய ஓலை அக்காலத்தவர்க்குப் புதிதன்று என்பதையே சொல்கிறேன். பஞ்சத்தில் உயிர் பிழைக்கத் தம்மையும் தம் மக்களையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்களைச் சோழர் காலக் கல்வெட்டுகளும் குறிக்கின்றன.

17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனியார் பழவேற்காட்டிலும், 1658க்குப் பின் நாகப்பட்டினத்திலும் இருந்துகொண்டு, போரும் பஞ்சமும் வந்த காலங்களில் மக்களை மலிவாக வாங்கிக் கப்பலேற்றினர். 1659 முதல் 1661 வரையில் மட்டும் தஞ்சைப் பகுதியிலிருந்து இலங்கைக்கும் பட்டேவியாவுக்கும் மலாக்காவுக்கும் சென்றவர் 8,000 முதல் 10,000 வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர் கணிப்பு. அவர்களுக்காக எந்தக் கடற்படையும் வரவில்லை; எந்த ஓவியனும் தூரிகை எடுக்கவில்லை. காவிரிக் கரையின் வயல்களிலோ, பண்ணையாட்கள் தலைமுறை தலைமுறையாக நிலத்தோடு கட்டுண்டு கிடந்தனர்.

பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறியது. பள்ளிப் புத்தகங்கள் அந்த ஆண்டைப் பெருமையோடு குறிக்கும். ஆனால் அச்சட்டத்திலேயே ஒரு விலக்கு இருந்தது: கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும், இலங்கைக்கும், செயிண்ட் எலினாத் தீவுக்கும் அது பொருந்தாது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளை இழந்த உடையவர்களுக்கு இரண்டு கோடிப் பவுன் இழப்பீடு கொடுத்தார்கள். அடிமையாய் உழைத்தவருக்கு ஒரு காசும் இல்லை. இந்தியாவுக்குத் தனிச்சட்டம் 1843இல் வந்தது. அவ்வாண்டின் ஐந்தாம் சட்டம் என்று அதற்குப் பெயர். அரசு அலுவலர் எவரும் வரிபாக்கிக்காகவோ நீதிமன்றத் தீர்ப்புக்காகவோ ஆளை விற்கக் கூடாது. அடிமை மீதான உரிமையை நீதிமன்றம் ஏற்காது. அடிமை என்பதற்காக ஒருவனுடைய பொருளைப் பறிக்கலாகாது. சுதந்தர மனிதனுக்குச் செய்தால் குற்றமாவது எதுவோ அது அடிமைக்குச் செய்தாலும் குற்றம். இவ்வளவே அதன் சாரம். அடிமையை வைத்திருப்பது குற்றம் என்று அது சொல்லவில்லை. ஆளை அடிமையாக வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது, 1860இல் இயற்றப்பட்டு 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தினால்தான். அல்ஜியர்ஸ் போருக்கும் அதற்கும் இடையே 46 ஆண்டுகள்.

அடிமை போனபின் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! ஒப்பந்தக் கூலி என்ற புதிய ஏற்பாடு பிறந்தது. 1834 முதல் மொரீசுக்கும், 1860இல் சென்னையிலிருந்து டிரூரோ என்ற கப்பலில் நேட்டாலுக்கும் நம் மக்கள் சென்றனர். இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணிகள் ஆள் சேர்த்த மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர் ஆகியவற்றோடு எங்கள் சேலமும் ஒன்று. கடலையே காணாத எங்கள் சிற்றூர்களின் மக்கள் கடலை முதன்முதலில் கண்டது பலவேளை அந்தப் பயணத்தில்தான். அவர்கள் அடிமைகள் அல்லர் என்று சட்டம் சொன்னது. ஆனால் முன்பணக் கடன் அவர்கள் காலைக் கட்டியது.

அந்த முன்பணம் என்னும் சொல்லை நீங்கள் மறந்துவிடலாகாது. நம் அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு, மனிதரை விற்பனை செய்வதையும் கட்டாய உழைப்பையும் தடுக்கிறது. 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் நிறைவேறியது. இருந்தும், செங்கற் சூளையிலிருந்தும், கல்லுடைக்கும் குழியிலிருந்தும், விசைத்தறிக் கூடத்திலிருந்தும் முன்பணத்தால் கட்டுண்ட குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகள் நம் நாளிலும் வருகின்றன. மீட்கச் செல்பவர் வட்டாட்சியரும் காவலரும். பீரங்கி இல்லை, புகை இல்லை, படமும் இல்லை. அந்தக் குடும்பத்துக்கோ அன்றைய நாள், அல்ஜியர்ஸ் கைதிக்கு ஆகஸ்டு 28 எத்தகையதோ அத்தகையது.

அப்படியானால், அல்ஜியர்ஸ் போர் வெறும் பாசாங்குதானா என்று நீங்கள் கேட்கலாம். நான் அவ்வாறு சொல்ல மாட்டேன். 1,083 பேர் வீடு திரும்பினார்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் எதிர்பார்த்து ஒரு தாயோ மனைவியோ இருந்திருப்பாள். அந்த விடுதலை உண்மை. மாண்ட 141 மாலுமிகளின் துணிவும் உண்மை. ஆனால் அந்தப் போர் கடற்கொள்ளையை அன்றோடு முடித்துவிடவில்லை. 1824இல் பிரிட்டிஷ் கப்பல்கள் மீண்டும் அல்ஜியர்ஸுக்கு முன் வந்து நின்றன. 1830இல் பிரான்சு படையெடுத்து அந்நாட்டையே விழுங்கியது. கொள்ளையரை அடக்க வந்தோம் என்ற பேச்சு, ஆள வந்தோம் என்பதில் முடிந்தது. அல்ஜீரிய மக்கள் 132 ஆண்டுகள் காத்திருந்து, பெரும் குருதி சிந்தி, 1962இல் விடுதலை பெற்றனர். இவை யாவும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பதுதான் பிழை.

மாணவ நண்பர்களே, வரலாற்றுப் படம் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். இதனை வரைந்தவர் யார்? வாங்கியவர் யார்? படத்தில் பெரிதாக இருப்பது எது? படத்தில் இருந்திருக்க வேண்டியவருள் இல்லாதவர் யார்? முதல் மூன்றுக்கும் விடை நூலகத்தில் கிடைத்துவிடும். நான்காவதற்குத்தான் சிந்தனை வேண்டும். அதைக் கேட்கும் துணிவும் வேண்டும்.

அந்த மாணவிக்கு அன்று நான், "தெரியவில்லையம்மா, தேடிச் சொல்கிறேன்" என்றேன். சில வாரங்கள் கழித்து, மேலே கூறியவற்றுள் எனக்கு அதுவரை கிடைத்தவற்றை வகுப்பில் எடுத்துச் சொன்னேன். அவள் படத்தின் அருகே சென்று சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "அந்த வெள்ளை வீடுகளில் நம் ஊரும் ஒன்று போலிருக்கிறது, ஐயா" என்றாள். படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போதெல்லாம் அதைப் பார்க்கும்போது என் கண் கப்பலுக்குப் போவதில்லை; அந்த வீடுகளுக்குத்தான் போகிறது.